ஒலியும் செவியும் – 9: யானை பேசும்போது நமக்கு ஏன் கேட்பதில்லை?

சென்ற வாரம் வௌவாலோடு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனோம். இந்த வாரம் நேர் எதிர்த் திசையில், நம் செவியின் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்குவோம். அங்கே யானைகள் பேசிக்கொண்டிருக்கின்றன.

1984 மே மாதம், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர விலங்குக் காட்சிசாலை. திமிங்கிலங்களின் பாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேட்டி பெய்ன், யானைக் கொட்டிலருகே உட்கார்ந்து அவற்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது காற்று அதிர்ந்து அடங்குவதை அவர் உடம்பு உணர்ந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. ஊர் திரும்பும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. இளவயதில் தேவாலயச் சேர்ந்திசைக் குழுவில் பாடியபோது, பக்கத்திலிருந்த ஆர்கன் கீழ்ஸ்தாயிக்கு இறங்க இறங்க, சுரம் மறைந்து அதிர்வு மட்டும் மிஞ்சும். அதே உணர்வு இது!

சில மாதங்களில் இரண்டு நண்பர்களோடும் ஒலிப்பதிவுக் கருவிகளோடும் திரும்பி வந்தார். பதிவான நாடாவைச் சாதாரண வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் நிசப்தம். வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடும். பத்து மடங்கு வேகத்தில் 18 ஹெர்ட்ஸ் ஒலி 180 ஹெர்ட்ஸாகி நம் செவிக்குள் வந்துவிடும். அப்படி ஓட்டிக் கேட்டபோது, நிசப்தம் என்று நினைத்த இடங்களிலெல்லாம் யானைக் குரல்.

1986-இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரை ஆசிய யானையின் இந்த அழைப்புகளை அளந்து சொன்னது: அடிப்படை அதிர்வெண் 14 முதல் 24 ஹெர்ட்ஸ், ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபல். மெல்லிய முணுமுணுப்பு இல்லை, நல்ல உரத்த குரல்! நமக்கு மட்டும்தான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யானையின் முகத்தைக் கூர்ந்து பார்த்தால் ஓர் அடையாளம் தெரியும். தும்பிக்கை தொடங்கும் இடத்தில், நெற்றித் தோல் படபடவென்று துடிக்கும்.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். யானைகள் நம் செவிக்குச் சரியாக எட்டாத தாழ்ந்த ஒலியில் தொடர்புகொள்கின்றன என்று பெய்னுக்கு முன்பே ஊகித்தவர் அவர். காட்டில் கால்கடுக்க நடந்து, யானைகளைப் படமெடுத்து, பார்த்ததைக் குறித்துவைத்தே அந்த முடிவுக்கு வந்தார். அறிவியல் பாடப்புத்தகத்தில் பெய்ன் பெயர் வரும் பக்கத்தில் கிருஷ்ணன் பெயரும் வரவேண்டும்.

யானைக்கு எதற்கு இப்படி ஒரு குரல்? ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். 17 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 20 மீட்டர் நீளம். அவ்வளவு நீண்ட அலையை மரமும் புதரும் தடுப்பதில்லை. அது அவற்றைச் சுற்றி வளைந்து போய்விடும். காற்றும் அதை அதிகம் உறிஞ்சுவதில்லை. உரத்த பிளிறலைவிட இந்தத் தாழ்ந்த ஒலி வெகுதூரம் போவது இதனால்தான். நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் பதிவு செய்த அழைப்புகளை ஒலிபெருக்கியில் ஒலிபரப்பினார்கள். 2 கிலோமீட்டர் தள்ளி நின்ற ஆப்பிரிக்க யானைகள் தலை நிமிர்த்தி, காதுகளை விரித்துக் கேட்டன. அதிலும் ஆண் யானைகள், பெண் யானையின் குரல் வந்த திசை நோக்கி நடக்கவே தொடங்கின. வளர்ந்த ஆண்கள் கூட்டத்தை விட்டுத் தனியே திரிபவை. பெண் இணையத் தயாராக இருப்பதோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில நாட்கள் மட்டும். தூரத்துக்குக் கேட்கும் குரல் இல்லாவிட்டால் யானை இனமே பெருகாது.

அந்திக்குப் பிறகு தரை குளிர்ந்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று அடுக்கு நிற்கும்போது ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளையும். அப்போது திறந்த சவன்னா வெளியில் இந்தக் குரலின் வீச்சு 10 கிலோமீட்டர்வரை எட்டக்கூடும். இதே ஒலி நிலத்தின் வழியாகவும் பரவுகிறது. பாதத்தால் கேட்கும் அந்த விந்தையை அடுத்த வாரம் தனியாகப் பார்க்கலாம்.

இப்போது நம் சாலைக்கு வருவோம். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 600 சுற்று என்ற அளவில் ஓடிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர்களில் எரிபொருள் வெடிக்கும். நொடிக்குக் கணக்கிட்டால் 20 முறை. யானையின் குரல் இருக்கும் அதே இடம்! ஹாரன் அடிக்காமல் ஓரமாக நிற்கிறோமே, இதனால் என்ன தொல்லை என்று நாம் நினைக்கலாம். ஆனால் நமக்குச் சின்ன உறுமலாகத் தெரியும் அந்த இரைச்சல், யானைகள் பேசிக்கொள்ளும் ஒலிவரிசைக்குள்ளேயே போய் விழுகிறது.

முதுமலைச் சாலையில் யானைக் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடி செல்போனில் படமெடுப்பவர்கள் பலர். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தவே கூடாது என்று வனத்துறை சொல்வது முதலில் நம் உயிருக்காக. அதே விதி யானைகளின் பேச்சையும் காப்பாற்றும். தயவுசெய்து நிற்காதீர்கள், மெதுவாகக் கடந்து போய்விடுங்கள்.