நெடும் பிரயாணமும் இரத்தக் கட்டியும்

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் இரவெல்லாம் ஓடுகிற பேருந்துகள் திண்டிவனத்தைத் தாண்டிக் கூட்டேரிப்பட்டு வழியாக விழுப்புரத்தை நோக்கி விரைகையில், முழங்காலை மடக்கியபடியே உறங்குகிற பிரயாணிகளின் கெண்டைக்கால் சிரைகளில் இரத்த ஓட்டம் மந்தமாகி விடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம், பேருந்தாயினும் விமானமாயினும், இரத்தம் உறையும் அபாயத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. ஆயினும், அத்தகைய விமானப் பிரயாணம் செய்யும் ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவரே அதற்கு ஆளாகிறார் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

அந்த ஒருவர் யார் என்று அறிவதுதான் இரத்தநாள அறுவை நிபுணரின் தேர்ச்சி. ஓட்டம் மந்தமாதல், நாளச் சுவர் காயப்படுதல், இரத்தத்தில் உறையும் சுபாவம் மிகுதல் என்னும் மூன்று காரணங்களை, ஜெர்மானிய வைத்தியர் ருடால்ஃப் வீர்ஷோ 1856-இல் வெளியிட்ட ஆராய்ச்சியை ஒட்டி, மருத்துவ சாஸ்திரம் இன்றளவும் பேசுகிறது. இடுப்பு அறுவை முடிந்து படுத்திருப்போர், அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார், புற்றுநோயாளர், கருத்தடை மாத்திரை உண்போர், முன்னொரு முறை இரத்தக் கட்டி கண்டவர் ஆகியோரிடம் இக்காரணங்கள் ஒன்றுடன் ஒன்று சேர்கின்றன.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நிபுணர் முதலில் எடுப்பது கத்தியன்று, அளவு நாடா. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி இரு கெண்டைக்கால்களையும் அளக்கிறார்; வித்தியாசம் 3 சென்டிமீட்டரை மிஞ்சினால் சந்தேகம் வலுக்கிறது. அப்பால் டாப்ளர் ஸ்கேன் கருவியின் முனையால் தொடையையும் முழங்காலின் பின்புறத்தையும் அழுத்துகையில், நலமான சிரை நசுங்கித் தட்டையாகிறது. கட்டி அடைத்த சிரையோ நசுங்குவதில்லை. பெரும்பாலோர்க்கு ஹெப்பாரின், வார்ஃபரின் போன்ற மருந்துகளே போதும். காலே பறிபோகும் நிலையில்தான் கட்டியை அகற்றும் சிகிச்சைக்கு அவர் முற்படுகிறார்.

நம் வீடுகளில் வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவுவது வழக்கம். கட்டியிருக்கும் காலில் அது பெரும் விபரீதம். பெயர்ந்த கட்டி நுரையீரலின் நாளத்தை அடைத்துவிடக் கூடும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் 108-ஐ அழைக்க வேண்டும். திண்டிவனம்–விழுப்புரம் சாலையிலேயே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிரயாணத்தில் கணுக்காலை அசைப்பதும், பேருந்து நிற்குமிடத்தில் இறங்கி நடப்பதும் எவருக்கும் நன்று. ஆனால், அறுவை செய்துகொண்டதையும், குடும்பத்தில் எவருக்கேனும் கட்டி வந்ததையும் புறப்படுமுன் வைத்தியரிடம் சொல்லிவிடுவதே முக்கியம்; நோயாளி சொல்லாததை எந்த நாடாவும் அளந்து காட்டாது.