டை வெட்டுவதற்கு முன்

ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பிரிந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் செல்லும் தடத்தைச் சுற்றி, பி.எம்.டபிள்யூ. 2007-இலும், ரெனோ-நிசான் 2010-இலும், டைம்லரின் பாரத்பென்ஸ் 2012-இலும் ஆலைகளைத் திறந்தன. அதே பகுதியிலுள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2012-இல் மகிந்திராவின் ஆய்வு மையமும் எழுந்தது. இத்தகைய இடங்களில் உருவாகும் ஒரு காரின் எஞ்சின், பிரேக், மின்கம்பித் தொகுப்பு, மென்பொருள் ஆகியவற்றைத் தனித்தனியாக அன்றி ஒரே முழுமையாகக் கருதி, தேவை என்ன என்பதில் தொடங்கிச் சோதனை வரை திட்டமிடும் துறையே அமைப்புப் பொறியியல் எனப்படுகிறது. இத்துறையின் வழக்கமான நடைமுறை, தேவைகளை முதலிலேயே முற்றாக எழுதி முடித்து, வடிவமைத்து, கடைசியில் எல்லாவற்றையும் கோத்துச் சோதிப்பதாகும். ஆனால் கோக்கும் வேளையில் வெளிப்படும் பிழையைத் திருத்துவதற்கே செலவு மிகுதி.

இதற்கு மாற்றாகப் பேசப்படும் அஜைல் முறை, வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரித்து, சுற்றுதோறும் இயங்கக்கூடிய ஒன்றைச் செய்துகாட்டி, கிடைக்கும் கருத்துக்கேற்ப அடுத்த சுற்றைத் தீர்மானிக்கிறது. 2001-இல் 17 மென்பொருளாளர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி அதன் கொள்கை அறிக்கையை வெளியிட்டனர். எனினும் அதன் முக்கியக் கிளைகளுள் ஒன்றான ஸ்கிரம்முக்கு வித்திட்டது, ஹோண்டாவின் கார், கேனானின் கேமரா போன்ற பொருள்களை உருவாக்கிய குழுக்களை ஆராய்ந்து மேலாண்மை அறிஞர்களான தாகேயுச்சியும் நோனாகாவும் 1986-இல் எழுதிய கட்டுரை என்பதால், அஜைல் மென்பொருளுக்கு மட்டுமே உரியது என்னும் வாதம் வலுவற்றது.

ஆயினும் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் டையைக் கடின எஃகில் வெட்டிச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். அதை நிரலைப்போல் இரு வாரத்துக்கொருமுறை மாற்றுவது இயலாது. ஆகவே டை வெட்டுவதற்கு முன்பே சுற்றுகளைப் பெருக்கிக்கொள்வதுதான் இங்கே சூட்சுமம்: மோதலைக் கணினியில் பாவித்துப் பார்க்கலாம், கைப்பிடியை முப்பரிமாண அச்சில் எடுத்துப் பொருத்திப் பார்க்கலாம், உண்மையான மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதனை மேசையில் கணினி பாவிக்கும் வாகனத்தோடு இணைத்து ஓட்டலாம். பாகங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களின் அளவுகளையும் சமிக்ஞைகளையும் முதலிலேயே உறுதிசெய்துவிட்டால், அவற்றுக்குள்ளே இருப்பதை ஒவ்வொரு குழுவும் தன் வேகத்தில் மாற்றிக்கொள்ள முடியும்.

பாதுகாப்புச் சான்றை இறுதிக்கு ஒத்திவைப்பது அஜைல் அன்று, புதுப்பெயர் பூண்ட பழைய முறையே. 2011-இல் முதன்முதலாக வெளியான ஐ.எஸ்.ஓ. 26262 தரம், ஒவ்வொரு பாதுகாப்புத் தேவையும் எந்த வடிவமைப்பில் நிறைவேறியது, எந்தச் சோதனையில் உறுதியானது என்ற தொடர்பைக் கோருகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதியோ, முன்மாதிரி வாகனத்தை ஒரகடத்தின் உலகளாவிய வாகன ஆய்வு மையம் போன்ற அமைப்பு சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்கிறது. எனவே தேவை, வடிவமைப்பு, சோதனை ஆகியவற்றின் தொடர்பைக் காட்டும் தடச்சான்றுகளைச் சுற்றுதோறும் புதுப்பிப்பது தவிர்க்க இயலாதது.

மேலாண்மை நூல்கள் அதிகம் பேசாத சிக்கல் பாகங்களைச் செய்துதரும் வெண்டர்களிடம் இருக்கிறது. டிராயிங் மாறுந்தோறும் ஜிக்கையும் மோல்டையும் மாற்றவேண்டிய சிறு ஆலைக்கு, பர்ச்சேஸ் ஆர்டர் பாகத்தின் விலையை மட்டும் குறிப்பிட்டு மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்பதைச் சொல்லாதிருந்தால், பெருநிறுவனத்தின் ஒவ்வொரு சுற்றும் அந்த ஆலையின் இழப்பாகவே முடியும்.