கண்மாயும் ஊத்தாவும்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில், கோடை முற்றிக் கண்மாய் நீர் முழங்காலளவுக்கு வற்றியதும் ஊர்ப் பெரியவர்கள் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறிப்பர். சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் செய்தி போகும். அன்று வைகறையிலேயே ஆணும் பெண்ணும் சிறாரும் கரையில் திரள்வர். ஊர்த் தெய்வத்தை வணங்கியபின் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுகாறும் நீரில் கால் வைப்பார் எவருமிலர்.

இவ்விழாவின் தனிக் கருவி ஊத்தா. குச்சிகளைக் கூம்பு வடிவில் கட்டி, மேலும் கீழும் திறப்பாக விடப்பட்ட கூடை அது. சேற்றில் அதனை அழுத்த, உள்ளே அகப்பட்ட மீன் முட்டும். மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பர். விராலாயின் மகிழ்ச்சி, கெளுத்தியாயின் முள் குத்திய கடுப்பு இரண்டு நாள் நிற்கும்! மீனைப் பொதுவாக விற்பதில்லை. சமைத்து உண்பர், உறவினர்க்கும் கொடுப்பர்.

இதனை வெறும் வேடிக்கையாக நாம் கருதுவதற்கில்லை. கண்மாயைத் தூர்வாரிக் கரை கட்டும் குடிமராமத்தில் உழைத்த ஊருக்கே அதன் மீனிலும் உரிமை என்பது பழைய வழக்கு. அவ்வுழைப்பை 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் கட்டாயமாக்கிற்று. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கிற்று. ஆயின் பல கண்மாய்களில் மீன்பாசி உரிமை ஏலத்துக்குப் போய்விட்டது. குத்தகைதாரர் வளர்க்கும் கட்லாவிலும் ரோகுவிலும் ஊரார் கை வைத்தல் இயலுமோ?

விழா நின்ற ஊரில் ஊத்தா கட்டுவோர்க்கும் வேலையில்லை. அவர்தம் தொழிற்சொற்களை அவ்வூர்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் கோடை விடுமுறையிலேயே கேட்டெழுதி வரலாம்.