ஆகாயத்தின் பழியும் நம் பழியும்

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அமிர்திக்கு, அருவியையும் மிருகக்காட்சிச் சாலையையும் காண விடுமுறை தோறும் வரும் ஜனங்கள், அருவி பொழியும் ஆண்டில் மகிழ்ந்தும், வெறும் பாறை காயும் ஆண்டில் சலித்தும் திரும்புகிறார்களேயன்றி, இவ்விரண்டுக்கும் பூமியின் உஷ்ணம் உயர்வதற்கும் சம்பந்தம் உண்டா என்று விசாரிப்பவர் அபூர்வம். அதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. அந்தச் சம்பந்தத்தைச் சொல்ல வந்தவர்கள் எவ்வாறு சொன்னார்கள் என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

சுற்றுப்புறக் கேடு இப்பகுதியாருக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கழித்த உப்பும் குரோமியமும் பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறங்கியதை அவர்கள் நாவாலும் நாசியாலும் அறிந்தவர்கள். அந்தப் பிரத்தியட்ச அனுபவத்தின் பலத்தில்தான் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடியது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் வந்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதை எடுத்துரைத்து, கேடு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவத்தை இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமாக்கிற்று.

காலநிலை மாற்றத்துக்கோ நிறமில்லை, நாற்றமில்லை, சுட்டிக்காட்டத்தக்க ஒற்றைக் குற்றவாளியும் இல்லை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது என்றால், கத்திரி வெயிலில் பிறந்து வளர்ந்த வேலூர்வாசிக்கு அது எங்கோ நடக்கும் கணக்கு. பூமியின் சராசரி உஷ்ணம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் ஏறியது என்றாலோ, அவ்வளவுதானா என்பார். வறட்சி வரும் என்று எச்சரித்தால், 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைக் காட்டுவார். வெள்ளம் பெருகும் என்றால், 1903-இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தை நினைவூட்டுவார்.

இந்த ஆட்சேபங்களுக்கு விடை உண்டு. உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு அதிக நீராவியைத் தாங்கும். ஆதலால் மண்ணின் ஈரம் விரைந்து வற்றவும், பெய்யும்போது குறுகிய நேரத்தில் பெருமழை கொட்டவும் அந்த ஒரே காரணம் போதும். பழங்காலத்திலும் பெருவெள்ளம் வந்தது மெய்யே; அத்தகைய பெருமழைகள் அடிக்கடி நேர்வதற்கான வாய்ப்பு கூடுவதே புதிய அபாயம்.

ஆனால் விஞ்ஞானத்தை விளக்குவதினும் கடினமானது, பழியைச் சரியாகப் பங்கிட்டுச் சொல்லும் நேர்மை. பாலாற்று மணலை அள்ளியதும், ஏரிகளை ஆக்கிரமித்ததும், கழிவுநீரைத் திறந்துவிட்டதும் மனிதர் இங்கேயே செய்த காரியங்கள். அவற்றையும் காலநிலையின் கணக்கில் எழுதுகிற பிரசாரம் குற்றவாளியைத் தப்புவிப்பதோடு, உண்மையறிந்த உழவனின் நம்பிக்கையையும் இழக்கிறது. தோல் தொழிலை நம்பி ஜீவிக்கும் குடும்பங்களிடம் பேசும்போதும், உங்கள் பிழைப்பே உலகத்தைச் சுடுகிறது என்று குற்றஞ்சாட்டாமல், எது உள்ளூர் மாசு, எது உலகத்தின் வெப்பம் என்று பிரித்துரைத்தால் மட்டுமே அவர்கள் செவிகொடுப்பார்கள்.

கண்முன் காணும் காரியம் எவ்வளவு பேசும் என்பதற்கு, இதே ஜவ்வாது மலைப் பகுதியில் பிறந்து வறண்டு கிடந்த நாகநதியே சான்று. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் செறிவூட்டுக் கிணறுகளை அமைத்து அந்நதிக்கு உயிரூட்டிய முயற்சியை, 2021 செப்டம்பரில் பிரதமரும் தம் வானொலி உரையில் பாராட்டினார். நிலத்தடி நீர் உயர்ந்ததைத் தம் கிணற்றிலேயே கண்டவருக்கு, மாறிவரும் மழையை எதிர்கொள்ளும் வழியைத் தனியே உபதேசிக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மழைமானியும், ஒரு வெப்பமானியும், கிணற்று நீர்மட்டத்தைக் குறிக்கும் ஒரு பதிவேடும் இருக்கட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கூடும் கிராம சபையில் அவ்வாண்டின் கணக்கை ஊராரே வாசித்து, இதில் ஆகாயத்தின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று வாதிக்கட்டும். தாமே அளந்த உண்மையை ஜனங்கள் எளிதில் மறுப்பதில்லை; நம் பங்கு இன்னதென்று தெரிந்தபின் அதைத் திருத்தும் பொறுப்பையும் பிறர்மேல் போட இயலாது.