கல்லில் நிற்கும் மர வீடு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில், 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் எழுப்பிய சிவன் கோயில், பல்லவர் கல்லைக் கொண்டு கட்டிய தளிகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று. அவ்வூர்ச் செப்பேடு அதனை வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று குறிக்கிறது. கிருகம் என்றால் வீடு. கோயில் என்ற தமிழ்ச் சொல்லுக்கும் முதற்பொருள் அரசனின் இல்லம் என்பதே. கோயிலுக்கும் வீட்டுக்கும் உள்ள இந்த உறவு பெயரளவில் நிற்பதன்று. கூரத்துக் கோயிலின் தரையமைப்பே கல்தச்சனுக்கு முன்னால் மரத்தச்சன் வகுத்து வைத்தது.

முன்புறம் நேராகவும் பின்புறம் அரைவட்டமாகவும் அமையும் இவ்வடிவம், படுத்திருக்கும் யானையின் பின்புறத்தை ஒத்திருப்பதால் தூங்கானை மாடம் எனப்படும். செவ்வகக் கல்லை வளைவாகச் செதுக்கிப் பொருத்துவது கடினமான வேலை. வளையும் மூங்கிலையும் இளமரத்தையும் அரைவட்டமாக நட்டு, நுனிகளை முகட்டில் ஒன்று சேர்த்துக் கட்டி, மேலே கீற்றோ புல்லோ வேய்வது எளிய வேலை. கல்லுக்கு இயல்பல்லாத வளைவு கல்லில் காணப்படுவதற்கு, அதற்கு முன்பே மக்கள் பழகியிருந்த மரக்கூரையே காரணம்.

அக்காலத்து மர வீடுகளுள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. கரையானும் மழையும் நெருப்பும் மரத்தை நெடுங்காலம் விட்டுவைப்பதில்லை. ஆனால் மரம் எவ்வளவு பரவலாகப் புழங்கியது என்பதற்குச் சாசனங்களே சான்று தருகின்றன. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் குடைவரை எடுத்ததைப் பெருமையாகப் பொறித்து வைத்தான். இவற்றை விலக்கியது செய்தியாகும் அளவுக்கு இவையே அன்றைய வழக்கமான கட்டுமானப் பொருள்கள் என்பது அதிலிருந்து விளங்கும். பிற்காலச் செப்பேடுகள் சிலவோ, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தானம் பெற்றோருக்குத் தனிச் சலுகையாக வழங்குகின்றன. அவ்வுரிமை வாய்க்காத பெரும்பாலோரின் வீடுகள் மண்ணும் மரமும் கீற்றுமாகவே இருந்திருக்கும்.

மரச்சட்ட வீட்டில் சுமையைத் தாங்குவது சுவரன்று, தூணும் உத்திரமும் சேர்ந்த கூடு. சுவர் வெறும் மறைப்பே. ஈரமும் கரையானும் ஏறாதிருக்கத் தூணைக் கல்லின்மேல் நிறுத்துவர். தூணின் தலையில் போதிகை என்னும் கட்டையைக் குறுக்கே வைத்து, அதன்மேல் உத்திரத்தை ஏற்றுவர். போதிகை இருபுறமும் கை நீட்டித் தாங்குவதால், உத்திரம் தாங்கலின்றிக் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரங்கள் சுவரைத் தாண்டி வெளியே நீள்வதால் மழைநீர் சுவரை நனைக்காமல் தெறித்து விழும். கூரையின் முனையில், காற்றுக்கும் புகைக்கும் வழியாகக் குதிரை லாட வடிவில் ஒரு திறப்பு அமையும்.

இவ்வுறுப்புகள் அனைத்தும் பல்லவர் கற்கோயில்களில் மறுபிறவி எடுத்தன. வெளியே நீண்ட கூரை விளிம்பு கொடுங்கையாயிற்று. லாடத் திறப்பு கூடு என்னும் அலங்காரமாயிற்று. கொடுங்கைக்குக் கல்லிலும் வேலை உண்டு, அது நீரை வெளியே தள்ளும். கூட்டுக்கோ காற்றை விடும் வேலை அற்றுப்போயிற்று. ஆயினும் சிற்பி அதைக் கைவிடாமல் அதற்குள் ஒரு முகத்தைச் செதுக்கியதால், வீட்டுச் சாளரத்திலிருந்து யாரோ தெருவைப் பார்ப்பது போன்ற அழகு அதற்கு வாய்த்தது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் கீற்றுக் குடிசையாகவும், பீம ரதம் வண்டிக் கூண்டு போன்ற கூரையுடையதாகவும், சகதேவ ரதம் தூங்கானை மாடமாகவும் நிற்கின்றன. பல்லவ நாட்டு ஊர்களின் கூரைகளுக்கு இவற்றைவிட நல்ல பதிவேடு கிடைக்காது. மகாராட்டிரத்துக் கார்லே குகையில், பாறையில் குடைந்த கூரைக்குத் தாங்கலே தேவையில்லாத நிலையிலும், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் பொருத்திய மர விலாக்கள் இன்றும் இருக்கின்றன. சிதம்பரத்துச் சிற்சபை மரத்தாலான அமைப்பையே விடாமல் காத்து வருகிறது.

கூரத்திலேயே பிறந்த கூரத்தாழ்வான் இராமானுசரின் தலைமைச் சீடர். அவருடைய இல்லத்தின் தூணோ முற்றமோ வைணவ மரபின் நினைவில் முதலிடம் பெறவில்லை. அன்னதானம் முடிந்து இரவில் அடைக்கப்படும் அதன் பெருங்கதவின் ஓசை காஞ்சி வரதராசர் கோயில் வரை கேட்டது என்றே குருபரம்பரைக் கதை கூறுகிறது. பழைய பெருங்கதவுகளுக்கு இன்றைய கீல்கள் இல்லை. கதவு மரத்தின் மேலும் கீழும் குடுமி என்னும் முனைகளை விட்டு, நிலையிலும் வாசற்படியிலும் தோண்டிய குழிகளில் அவற்றைச் சுழல விடுவர். கனத்த பலகை அக்குழியில் திரும்பும்போது எழும் முனகலும், கதவில் கோத்த மணிகளின் ஒலியும் சேர்ந்தே, வீடு அடைபடுவதைத் தெருவுக்கு அறிவித்தன.