பென்ஷனோடு கடல் கடந்தால்… உங்களுக்குத் தெரியுமா?

✦ நயாகரா அருவியின் ஒரு கரை அமெரிக்கா, எதிர்க்கரை கனடா. பிரிட்டனில் முப்பது நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் அமெரிக்கக் கரையில் குடியேறினால், அவருடைய பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஒவ்வொரு ஏப்ரலிலும் உயரும். கனடாக் கரையில் வீடு எடுத்தால் உயரவே உயராது. முதலில் எவ்வளவு வாங்கினாரோ, கடைசி வரை அவ்வளவுதான். ‘உறைந்த பென்ஷன்’ என்று இதைச் சொல்கிறார்கள். உலகம் முழுக்கச் சுமார் நாலரை லட்சம் பேர் இப்படி உறைந்த தொகையில் காலம் தள்ளுகிறார்கள். கம்பெனி தரும் பென்ஷன் சிறியதாக இருப்பவருக்கு இந்த அரசுப் பணம்தான் பெரிய ஆதாரம் என்பதால் அடி அவருக்கே பலமாக விழுகிறது.

✦ எங்கே உயரும், எங்கே உறையும்? இதைத் தீர்மானிப்பது தூரமோ விலைவாசியோ அல்ல. பிரிட்டனோடு அந்த நாடு செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பென்ஷன் உயர்வு பற்றிய ஷரத்து இருக்கிறதா என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், மொரீஷியஸ் ஆகியவற்றில் உயரும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றில் உயராது. இரண்டாவது பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். லண்டனிலோ லெஸ்டரிலோ வேலை பார்த்த தமிழர் ஓய்வுக்குப் பின் எங்கெல்லாம் போய்த் தங்க நினைப்பாரோ, ஏறக்குறைய அந்த ஊர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

✦ அனெட் கார்சன் என்ற எழுத்தாளர் பிரிட்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 2000இல் அவருக்கு அரசுப் பென்ஷன் தொடங்கியது: வாரத்துக்கு 67.50 பவுண்ட். அதே தொகையில் அது நின்றும் போனது. அதே ஆண்டு, அதே தகுதியோடு பென்ஷன் தொடங்கி பிரிட்டனிலேயே தங்கிவிட்டவருக்கு 2025-26இல் வாரம் 176.45 பவுண்ட். கார்சன் வழக்குப் போட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வும் 2010 மார்ச்சில் 11க்கு 6 என்ற கணக்கில் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. சட்டம் அப்படிச் சொல்லலாம். ஒரே அளவு சந்தா கட்டிய இருவரில் ஒருவருக்கு மட்டும், அவர் வாழும் ஊரைக் காரணம் காட்டி, ஆண்டுக்கு ஆண்டு உயர்வை மறுத்துக்கொண்டே போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

✦ ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போனது. உயர்வு தர மாட்டோம் என்று பிரிட்டன் பிடிவாதமாக மறுத்ததால், இரு நாட்டுக்கும் இடையே இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே 2001இல் முறித்துக்கொண்டது. பிரிட்டன் அசையவில்லை.

✦ கம்பெனி பென்ஷன் விஷயம் வேறு. பிரிட்டனில் சம்பளத்தை அடிப்படையாக வைத்துத் தரப்படும் கம்பெனி பென்ஷனில், 1997 ஏப்ரலுக்குப் பின் உழைத்த காலத்துக்கான பங்கு விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்கு 5 சதவீதம் உச்சவரம்பு. 2005 ஏப்ரலுக்குப் பிந்தைய உழைப்புக்கு 2.5 சதவீதம்தான் உச்சவரம்பு. இந்த உயர்வு, பென்ஷன்காரர் மதுரையில் இருந்தாலும் மான்செஸ்டரில் இருந்தாலும் கிடைக்கும். 1997க்கு முந்தைய உழைப்பின் பெரும்பகுதிக்கு இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் பென்ஷன் கரைவது இதனால்தான்.

✦ ஒரு கணக்கு. விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால், உயராத பென்ஷனின் வாங்கும் சக்தி சுமார் 18 ஆண்டில் பாதியாகிவிடும். 60 வயதில் போனவருக்கு அப்போது 78. மருந்துச் செலவு உச்சத்தில் இருக்கும் வயது அது.

✦ கம்பெனியே மூழ்கிப்போனால்? 1963 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூடபேக்கர் கார் ஆலை மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. பென்ஷன் நிதியில் போதுமான பணம் இல்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரை, பத்தாண்டுக்கு மேல் வேலை பார்த்த சுமார் 4,000 பேருக்கு, வரவேண்டியதில் ஏறத்தாழ 15 சதவீதம் மட்டுமே கைக்கு வந்தது. இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அந்த வேதனை நாடாளுமன்றத்தை எட்டி, தனியார் பென்ஷன்களைக் காக்கும் சட்டமாக மாறப் பத்தாண்டுகள் ஆயின. 1974இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். கம்பெனி திவாலானாலும் ஒரு வரம்பு வரை பென்ஷன் கொடுக்கும் அரசுக் காப்பீட்டு நிறுவனம் அந்தச் சட்டத்தால் வந்ததுதான். பிரிட்டனில் இதே போன்ற பாதுகாப்பு நிதி 2005இல்தான் வந்தது.

✦ அயல்நாட்டுப் பென்ஷனில் சொந்த ஊரில் வாழ்வது தமிழருக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் நிலைய அதிபர்களாகவும், அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாகவும், நில அளவையாளர்களாகவும் வேலை பார்த்தார்கள். ஓய்வு பெற்றவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். மாதந்தோறும் கடல் கடந்து வந்த அந்த மலாயாப் பென்ஷன், கிராமங்களில் கல்வீடுகளாகவும், பிள்ளைகளின் படிப்பாகவும், கோயில் திருப்பணியாகவும் மாறியது.

✦ பென்ஷன்காரர்களை வரவேற்பதில் பனாமாவை மிஞ்ச ஆளில்லை. சாகும் வரை மாதம் 1,000 டாலர் பென்ஷன் வரும் என்று காட்டினால் குடியுரிமை இல்லாமலே நிரந்தரமாகத் தங்கலாம். பென்ஷன் தருவது அரசா, தனியார் கம்பெனியா என்று பேதம் பார்ப்பதில்லை. அங்கே 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று முதியோருக்குச் சலுகைகளை வரிசைப்படுத்தியிருக்கிறது: விமான டிக்கெட்டில் 25 சதவீதம் தள்ளுபடி, வெளியூர் பஸ்ஸில் 30, சினிமாவில் 50, உணவகத்தில் 25, மருத்துவர் கட்டணத்தில் 20, மருந்தில் 10. குடியேறிய பென்ஷன்காரர்களுக்கும் இது பொருந்தும். வேறு பல நாடுகள் வங்கியில் எவ்வளவு பணம் போடுவீர்கள் என்று கேட்கின்றன. பனாமா மாத வருமானத்தைத்தான் கேட்கிறது. சேமிப்பு இல்லாமல் பென்ஷன் மட்டும் உள்ளவருக்கு அந்த வித்தியாசம் பெரியது.

✦ பனாமாவில் 1904 முதல் அமெரிக்க டாலரே புழக்கத்தில் உள்ளது. ஈக்வடார் 2000இல் டாலருக்கு மாறியது. அமெரிக்கப் பென்ஷன்காரர் இந்த நாடுகளில் நாணய மாற்று விகிதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்கலாம்.

✦ தாய்லாந்துக்குப் போன பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே 50 வயது கடந்தவருக்கு ஓய்வுக்கால அனுமதி உண்டு. வங்கியில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 2007 வாக்கில் ஒரு பவுண்டுக்குச் சுமார் 65 பாட் கிடைத்தது. ஆயிரம் பவுண்ட் பென்ஷன் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பு நடந்த 2016இன் இறுதியில் பவுண்ட் சுமார் 44 பாட்டுக்கு விழுந்தது. அதே 65,000 பாட்டுக்கு அப்போது ஏறக்குறைய 1,480 பவுண்ட் வேண்டியிருந்தது. பென்ஷனிலும் ஒரு பைசா குறையவில்லை, தாய்லாந்தும் நிபந்தனையைக் கூட்டவில்லை. ஆனாலும் தகுதி போய்விட்டது. போதாததற்கு, தாய்லாந்தும் உறைந்த நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடக் கொடுமையான இரட்டை அடி வேறில்லை.

✦ ஒரு நாடு பென்ஷன்காரர்களுக்காக இன்னொரு நாட்டோடு வரி ஒப்பந்தத்தையே ரத்து செய்தது தெரியுமா? போர்ச்சுகல் 2009இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடியேறுபவரின் வெளிநாட்டுப் பென்ஷனுக்குப் பத்து ஆண்டு வரி கிடையாது. பின்லாந்தில் தனியார் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அங்கே போனார்கள். இரு நாட்டு ஒப்பந்தப்படி பின்லாந்து அந்தப் பென்ஷனுக்கு வரி போட முடியாது, போர்ச்சுகல்லோ போடுவதில்லை. பொறுத்துப் பார்த்த பின்லாந்து 2019இல் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது. பிறகு ஸ்வீடனும் அதையே செய்தது. 2020இல் போர்ச்சுகல் 10 சதவீத வரி போட்டது. 2024இல் புதியவர்களுக்குக் கதவை மூடியது. சலுகையை நம்பி வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள், அந்தச் சலுகை தருபவர் விருப்பப்படி முடிந்துவிடக்கூடியது என்பதை மறக்கக் கூடாது.

✦ இத்தாலியில் 2019 முதல் தெற்குப் பகுதிச் சிற்றூர்களில் குடியேறும் பென்ஷன்காரருக்கு வெளிநாட்டு வருமானத்தின் மீது 7 சதவீதம் மட்டுமே வரி. திட்டம் தொடங்கியபோது 20,000 பேருக்கு மேல் வசிக்காத ஊர்களுக்கே அது பொருந்தியது. இளைஞர்கள் வெளியேறி வெறிச்சோடிய ஊர்களில் ஆள் நடமாட்டம் வேண்டும் என்பதே நோக்கம். கிரேக்கமும் 2020 முதல் அதே 7 சதவீதத்தை 15 ஆண்டுக்குத் தருகிறது.

✦ ஜப்பான் தன் முதியவர்களை வெளிநாட்டில் குடியமர்த்தவே ஒரு அரசுத் திட்டம் போட்டது. 1986இல் அறிவிக்கப்பட்ட அதன் பெயர் ‘சில்வர் கொலம்பியா’. கார், டிவி ஏற்றுமதி செய்தது போதாமல் இப்போது கிழவர்களையும் ஏற்றுமதி செய்கிறார்களா என்று கண்டனம் கிளம்ப, திட்டம் சுருண்டது. ஆனால் ஜப்பானியர்கள் தாங்களாகவே போனார்கள். அவர்கள் அதிகம் விரும்பிய இடமாகப் பல ஆண்டுகள் இருந்தது மலேசியா. பிறகு அந்த நாடும் தன் ‘இரண்டாம் இல்லம்’ திட்டத்தை இறுக்கியது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய மாத வருமானம் 10,000 ரிங்கிட்டாக இருந்ததை 2021இல் ஒரேயடியாக 40,000 ரிங்கிட் ஆக்கியது. 2024இல் விதிகள் மறுபடி மாறின. பொதுப் படிகளில் மிகக் கீழானதற்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை கேட்கப்பட்டது. சிறிய பென்ஷன்காரர் அந்த வாசலைத் தாண்ட வழியில்லை.

✦ அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அந்நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. வெளிநாட்டில்தானே இருக்கிறோம் என்று சந்தா கட்டாமல் விட்டவர் திரும்பி வந்து சேரும்போது, தாமதித்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் மருத்துவர் செலவுப் பிரிவின் சந்தா 10 சதவீதம் கூடும். ஐந்தாண்டு தாமதித்தால் 50 சதவீதம். ஓரிரு வருடம் அல்ல, அந்தக் காப்பீடு இருக்கும் வரை கட்ட வேண்டும். மெக்சிகோவின் சபாலா ஏரிக்கரையில் நிம்மதியாக வாழ்ந்துவிட்டு, பெரிய அறுவை சிகிச்சைக்காக ஊர் திரும்பும் அமெரிக்கர் இந்த விதியோடுதான் மோத நேர்கிறது.

✦ அதே அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புப் பென்ஷன் பெற 40 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பு வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கான ஒப்பந்தம் இல்லாததால், எட்டு ஆண்டு சந்தா கட்டிவிட்டுச் சென்னை திரும்பும் மென்பொருள் ஊழியர் இந்தியச் சர்வீஸைச் சேர்த்துக் காட்டி அதைப் பெற முடியாது. ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு இரண்டையும் கூட்டிப் பார்க்கிறார்கள்.

✦ கணவர் போன பிறகு மனைவிக்கு என்ன கிடைக்கும்? அமெரிக்காவில் 1984இல் வந்த சட்டம், மணமானவரின் கம்பெனி பென்ஷனில் குறைந்தது பாதி துணைவருக்குத் தொடர வேண்டும் என்கிறது. துணைவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே அதை விட்டுக்கொடுக்கலாம். மாதத்தொகை கொஞ்சம் கூடுகிறதே என்று அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடாதீர்கள். மொழி தெரியாத ஊரில் தனித்து நிற்கப்போகும் பெண்ணின் சாப்பாடு அது.

✦ நம் ஊர் வருங்கால வைப்புநிதிப் பென்ஷனில் சூத்திரம் எளிது: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். உச்சவரம்பான 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 35 ஆண்டு உழைத்தால் மாதம் 7,500 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பர் முதல் 1,000 ரூபாய். விலைவாசிக்கேற்ப உயரும் ஏற்பாடு இதிலும் இல்லை. பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுத்தே ஆக வேண்டும். தவறினால் பென்ஷன் நிற்கும்.

✦ பிரிட்டிஷ் முதியவர்கள் செலவு குறைவு என்று ஜெய்ப்பூருக்கு வந்து தங்கும் ‘தி பெஸ்ட் எக்ஸாடிக் மேரிகோல்ட் ஹோட்டல்’ படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் மூலநாவலில் ஊர் பெங்களூரு. நிஜத்தில் அப்படி வந்து குடியேறினால் அவர்களின் அரசுப் பென்ஷன் அன்றே உறைந்துவிடும். ஓய்வூதியர்களுக்கென்று தனி விசாவும் இந்தியாவில் இல்லை.

✦ உறைந்த பென்ஷன்காரர் பிரிட்டனுக்குத் திரும்பிக் குடியேறினால் முழுத்தொகை மீண்டும் கிடைக்கும். கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போக வந்தாலும், கேட்டுப் பெற்றால், தங்கும் நாட்களுக்கு உயர்ந்த தொகை உண்டு. விமானம் ஏறியதும் பழைய தொகைதான்.

✦ லண்டனிலோ டொரொன்டோவிலோ உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ ‘வேலை முடிஞ்சதும் ஊர்ப்பக்கம் வந்துடுறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், வீடு பார்ப்பதற்கு முன் அவரை இரண்டு கடிதங்கள் எழுதச் சொல்லுங்கள். கம்பெனியின் பென்ஷன் பிரிவுக்கு ஒன்று, அரசுப் பென்ஷன் அலுவலகத்துக்கு ஒன்று. நான் போகும் நாட்டில் என் பென்ஷன் உயருமா, எந்த நாணயத்தில் எந்த வங்கிக்கு வரும், எனக்குப் பின் என் துணைவருக்கு எவ்வளவு, உயிர்வாழ் சான்றை எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்கட்டும். போனில் சொல்வதை ஏற்க வேண்டாம். பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்திய பிறகு டிக்கெட் எடுக்கட்டும்.