களையை எடுக்கிறது யாரோட முதுகு?

களைக்கொல்லி அடிக்காத நிலம்னு நாம பெருமையாச் சொல்லிக்கிறோம். சொல்லலாம், தப்பில்லை. ஆனா களைக்கொல்லி அடிக்காத நிலத்துல களை முளைக்காம இருக்கிறதில்லை. அதை யாரோ குந்தி உட்கார்ந்து எடுக்கிறாங்க. எங்க மேல்மலையனூர், செஞ்சி பக்கம் மல்லாட்டைக்கு ரெண்டு களை. விதைச்ச 20-ஆம் நாளை ஒட்டி ஒண்ணு, 40 நாள் வாக்கில் மண் அணைப்போட சேர்த்து ஒண்ணு. 45 நாளைத் தாண்டினா விழுது இறங்க ஆரம்பிச்சிடும், அப்புறம் மண்ணைக் கிளறக் கூடாது. அதனால இது நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போட முடியாத வேலை. கையில அரை முழக் களைக்கொத்தோட காலையில குந்தின பெண்கள், குந்தின வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து, மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருக்கிறாங்க. எழும்போது பாருங்க, முதல்ல ஒரு கை தரையில, அப்புறம் ஒரு கை முழங்கால்ல, அப்புறம் "அம்மா" என்று ஒரு சத்தம்.

வங்கியில் காலம் தள்ளியவன் நான். எதையும் பேரேட்டில் ரெண்டு பக்கமா எழுதிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகலை. இயற்கை விவசாயத்துக்கு வந்த பிறகு களைக்கொல்லிச் செலவு மிச்சம், உரச் செலவு மிச்சம் என்று ஒரு பக்கம் எழுதினேன். ஆள் கூலி கூடுதல் என்று இன்னொரு பக்கம் எழுதினேன். களையெடுக்கிற பெண்ணோட முழங்காலும் இடுப்பும் எந்தப் பக்கத்திலும் வரலை. அந்தச் செலவை அவங்களே ஏத்துக்கிறாங்க, நம்ம கணக்குக்கு வர்றதே இல்லை. வெளியாள் வைக்காத சின்ன விவசாயி வீட்டுல அந்த முழங்கால் அவரோட மனைவியோட முழங்கால். அவ்வளவுதான் வித்தியாசம்.

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிறதைத்தான் டிஸ்க் என்கிறோம். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ப் நாச்செம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிற்கும்போது இருப்பதை விட, உட்கார்ந்து முன்பக்கம் சாயும்போது அழுத்தம் அதிகம். குனிந்து பாரம் தூக்கும்போது அதைவிட அதிகம். முழங்கால் கதை வேற. முழுசா மடக்கிக் குந்தி வருஷக்கணக்கில் வேலை செய்கிறவங்களுக்குக் குருத்தெலும்புத் தேய்மானம் வர வாய்ப்பு கூடுதல். தொடையின் முன்பக்கத் தசை பலமா இருந்தா அது முழங்காலுக்கு வர்ற அதிர்ச்சியைத் தாங்கிக்கும். அந்தத் தசை சூம்பினா எல்லா பாரமும் மூட்டு மேல இறங்கும். வலிக்குதுன்னு காலை அசைக்காம வைக்கிறோம், அசைக்காததால தசை சூம்புது, சூம்பினதால இன்னும் வலிக்குது. வட்டிக்கு வட்டி ஏறின கடன் மாதிரிதான்.

ஆண்களுக்கும் பங்கு இருக்கு. நம்ம நெல் மூட்டை 75 கிலோ. ஒரு ஆண் தொழிலாளி தூக்கிச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டினா அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்கணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்திருக்கு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல மூட்டை ஏத்துற தொழிலாளிகளை ஒரு காலைப் பொழுது நின்னு பார்த்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

சரி, வலி வந்தா என்ன செய்றோம்? எங்க நிலத்துக்கு வர்ற ஒரு அம்மா, அறுபதை நெருங்குறவங்க, சொன்னது: "இன்னா சார் பண்றது, காலைல ஒரு மாத்திரை போட்டுக்கினுதான் வரேன். போடலன்னா கால மடக்க முடியல." என்ன மாத்திரைன்னு கேட்டா, மெடிக்கல்ல குடுத்தாங்க, மஞ்சக் கலர்ல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணு. இது ஒருத்தங்க கதை இல்லை. எந்தக் களைக் கும்பலுக்குள்ளயும் ரெண்டு மூணு பேர் முந்தானையில இந்த மாத்திரை முடிஞ்சிருக்கும்.

இந்த இடத்துல பிணந்தின்னிக் கழுகு கதையை ஞாபகப்படுத்தணும். மாட்டுக்கு வலி மருந்தாக் கொடுத்த டைக்ளோபினாக், செத்த மாட்டோட உடம்புல தங்கி, அதைத் தின்ன கழுகுகளோட சிறுநீரகத்தைக் கெடுத்து, கூட்டங்கூட்டமாக் கொன்னுச்சு. காரணம் 2004-ல் தெளிவாச்சு, 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நம்ம ஆளுங்க இதை மேடையில பேசுவாங்க. அதே டைக்ளோபினாக்தான் மனுசனுக்கு மருந்துக்கடையில் கிடைக்கிற வலி மாத்திரைகளில் ஒண்ணு. மனுசன் கழுகு இல்லை, ஒண்ணு ரெண்டு நாள் போட்டா செத்துப் போறதில்லை. ஆனா வெயில்ல வேர்த்து, தண்ணி குடிக்காம, ரத்த அழுத்த மாத்திரையும் போட்டுக்கிட்டு, மாசக்கணக்குல இதையும் விழுங்கினா சிறுநீரகத்துக்கும் வயித்துக்கும் கேடு வரும். வலி மறைஞ்சதால அதே முழங்காலை இன்னும் மூணு மணி நேரம் மடக்கி வைக்கிறது தனிக் கேடு.

பிசியோதெரபி, அரசாங்கத் தமிழில் இயன்முறை மருத்துவம், இங்கேதான் வருது. நம்ம பக்கம் பிசியோன்னா 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் அர்த்தம். பத்து நாள் கரண்ட் வச்சாங்க சார், நல்லா இருந்துச்சு, நிறுத்தினதும் திரும்ப வந்திடுச்சும்பாங்க. வரத்தான் செய்யும். கரண்டும் சூட்டு ஒத்தடமும் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துல செய்ய வேண்டிய பயிற்சிதான் வைத்தியம். பயிற்சியைச் சொல்லித் தராம கரண்ட் மட்டும் வச்சு அனுப்புறவங்களும் இருக்காங்க. அங்கே பணம் கட்டாதீங்க. இது பட்டம் உள்ள படிப்பு. பி.பி.டி. முடிக்க நாலு வருஷப் பாடமும் ஆறு மாசம் பயிற்சியுமா நாலரை வருஷம்னு நடந்துக்கிட்டு வந்தது. எலும்பு முறிஞ்சு புத்தூர் கட்டு போட்டுக்கிட்டு வர்றவங்களுக்கும் இதைச் சொல்லணும். கட்டு அவிழ்த்த பிறகு மடங்காம நிற்கிற மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டு வர பயிற்சிதான் வேணும்.

பயிற்சிக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு தெரிஞ்சிக்க நம்ம பக்கத்து வேலூரே போதும். சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில், தொழுநோயால் மடங்கிப் போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். நல்லா இருக்கிற ஒரு தசையோட நாணை எடுத்து, செத்துப் போன தசை செய்த வேலைக்குத் திருப்பி விடுவது. ஆனா கத்தி வேலை முடிஞ்சதும் விரல் நிமிர்ந்திடாது. அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கணும். அதே மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சைகள் செய்தார். பிறகு உடல் மறுவாழ்வுத் துறையைக் கட்டி எழுப்பினார், 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. முழங்கால் வலிக்கு இவ்வளவு தூரம் போகணுமான்னு கேட்பீங்க. போக வேண்டாம். அசையாத விரலையே பழக்கி எடுக்க முடிஞ்சிருக்கு, சூம்பின தொடைத் தசையை எடுக்க முடியாதா என்பதுக்காகச் சொன்னேன்.

தூரம்தான் எங்களுக்குப் பிரச்சினை. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு இங்கிருந்து பஸ் மாறிப் போய் வந்தா ஒரு நாள் கூலி போச்சு. பயிற்சிக்கு ஒரு தடவை போனா போதாது, நாலு தடவை போகணும். அதனாலதான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நாம சரியாப் பயன்படுத்திக்கணும்னு சொல்றேன். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வர்றது எல்லாருக்கும் தெரியும். வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர் அதுல இருக்கார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கவாதம் வந்தவங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்கதான் அவங்களுக்கு முதல். அது நியாயம். நடக்க முடிஞ்சவங்க, அவங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற நாள் எதுன்னு கேட்டுப் போகலாம். ஊர்ல மாத்திரை கொண்டு வர்ற மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்க, தெரியலன்னா 104-க்குப் போன் பண்ணுங்க. ஒரு வட்டாரத்துக்கே ஒருத்தர் என்பது போதாதுதான். விவசாய வட்டாரத்துக்கு ரெண்டு பேர் வேணும்னு நம்ம இயக்கம் கேட்கலாம்.

நான் மேலே சொன்ன அம்மாவுக்கு இயன்முறை மருத்துவர் சொல்லிக் கொடுத்தது ரொம்ப எளிமையானது. கட்டில் ஓரத்துல உட்கார்ந்து ஒரு காலை நேரா நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணுற வரைக்கும் வச்சிருந்து மெதுவா இறக்கணும். காலுக்குப் பத்து தடவை, காலை மாலை. அடுத்தது, கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு, அதை அழுத்தணும். இடுப்புக்கு: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பை மட்டும் தூக்கணும். நிலத்துல இருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, இடுப்புல கை வச்சு அஞ்சு தடவை பின்னாடி வளையணும். செய்யும்போது லேசா வலிச்சா பரவாயில்லை. மறுநாள் காலையில வலி கூடியிருந்தா எண்ணிக்கையைப் பாதியாக் குறைக்கணும். ஒன்றரை மாசம் விடாம செய்யணும், அதுக்கு முன்னாடி பலன் எதிர்பார்க்கக் கூடாது. அந்த அம்மா வேலையை விடலை. மாத்திரை தினமும் என்பது வாரத்துக்கு ஒண்ணு ரெண்டா இறங்கியிருக்கு. அமாவாசைக்கு அங்காளம்மன் கோயில்ல ஊஞ்சல் பார்க்க விடிய விடிய நின்னுட்டு வந்தா மட்டும் மறுநாள் கால் கேட்கலையாம். அதை எந்த மருத்துவரும் தடுக்க முடியாது.

திடீர்னு இடுப்பு பிடிச்சுக்கிட்டா வாரக்கணக்கில் படுக்கக் கூடாது. முடிஞ்ச அளவு நடமாடினாதான் சீக்கிரம் சரியாகும், பெரும்பாலும் சில வாரத்துல அடங்கிடும். ஆனா காலில் பலம் குறைஞ்சா, பிறப்புறுப்பைச் சுத்தி மரத்துப் போனா, சிறுநீர் கட்டினாலோ அடக்க முடியாமப் போனாலோ, காய்ச்சலோட முதுகு வலிச்சா, மரத்திலிருந்து விழுந்து வலி வந்தா பயிற்சி கியிற்சின்னு பார்க்காம அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். சர்க்கரை உள்ளவங்களுக்குப் பாதத்துல சூடு தெரியாது. ஒத்தடம் கொடுக்கும்போது வேற ஒருத்தர் தொட்டுப் பார்த்துக் கொடுங்க. தோள் இறுகி கை தூக்க முடியாமப் போறதும் சர்க்கரைக்காரங்களுக்கு அதிகம்.

பயிற்சியால தசை பலமாகும். அப்புறம் அதே களைக்கொத்தோட அதே மாதிரி குந்த வச்சா? கரண்ட் வச்சுக்கிட்டுத் திரும்பி வர்ற கதைதான். கருவியை மாத்தணும். இந்த விஷயத்தை நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போனவங்க அமெரிக்காவின் கலிபோர்னியா விவசாயத் தொழிலாளிகள். அவங்களுக்கும் நம்ம களைக்கொத்து மாதிரியே ஒரு அடி, ஒன்றரை அடிக் கைப்பிடி வச்ச கொத்து. நாள் முழுக்க ரெண்டா மடங்கி வேலை. நீளக் கைப்பிடி கொடுத்தா பயிரை வெட்டிடுவாங்கன்னு பண்ணைக்காரங்க வாதம். குட்டைக் கைப்பிடியில மேஸ்திரிக்கு இன்னொரு வசதி, நிமிர்ந்து நிற்கிறது யாருன்னு தூரத்திலிருந்தே தெரிஞ்சிடும். முதுகு என்ன ஆகுதுன்னு மருத்துவர்கள் சாட்சி சொன்னாங்க. 1975 ஜனவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தொழிலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, குட்டைக் கொத்து தடையானது. நீளக் கொத்து வந்து விவசாயம் ஒண்ணும் படுத்துடலை.

2004-ல் அதே மாநிலம் இன்னொரு படி போய், குனிஞ்சும் குந்தியும் கையால களை பறிக்க வைக்கிறதையே கட்டுப்படுத்தி விதி போட்டது. விதிவிலக்கு வாங்கினவங்களில் ஒருத்தர் யார் தெரியுமா? இயற்கை விவசாயப் பண்ணைகள். களைக்கொல்லி அடிக்க மாட்டோம், எங்களுக்குக் கைதான் கதின்னு கேட்டு வாங்கினாங்க. அங்கே இருந்தது நாமதான்னு நினைச்சுப் படிங்க.

நம்ம நிலத்துல செய்யக் கூடியது இருக்கு. மல்லாட்டையைக் கைவிதைப்பா இறைக்காம ஒரு அடி, அதாவது 30 செ.மீ. வரிசையில போட்டா நின்னுக்கிட்டே தள்ளுற சக்கரக் களைக்கருவி நடுவுல ஓடும். குந்தி எடுக்க வேண்டியது செடியை ஒட்டின களை மட்டும்தான். விதைப்புக்கு முன்னாடி ஒரு தண்ணி விட்டு, களையை முளைக்க வச்சு, மேலாக உழுது அழிச்சிட்டு விதைச்சா முதல் களை பாதியாக் குறையுது, எங்க நிலத்துல பார்த்தது. காய்கறிக்கு மூடாக்கு. நெல்லுக்கு வரிசை நடவும் கோனோ வீடரும், அதையும் பெண்கள் தலையில கட்டாம மாத்தி மாத்தித் தள்ளணும். கைப்பிடி தள்ளுறவங்க இடுப்பு உயரத்துக்கு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா குனிஞ்சுதான் தள்ளுவாங்க. காய் ஆயும்போது தரையில உட்காராம ஒரு மணை, முதுகுக்கு மரம். மூட்டையை 40 கிலோ கட்டுங்க. வியாபாரி முணுமுணுப்பார், எடை போட்டுத்தானே வாங்குறார்.

பி.ஜி.எஸ். குழுவா இருக்கிற நாங்க ஒருத்தர் நிலத்தை ஒருத்தர் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்புறோம். அதுல விதை, எரு, பக்கத்து நிலத்து மருந்துக் காத்து எல்லாம் கேட்கிறோம். களை எப்படி எடுக்கிறீங்க, குந்தியா நின்னா, எத்தனை மணி நேரம் என்று எங்களுக்காக ஒரு வரி சேர்த்திருக்கோம். வர்ற மார்கழிப் பட்டம் விதைப்புக்கு முன்னாடி வட்டார இயன்முறை மருத்துவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கோம். விவசாயிகள் மட்டும் வந்தா பத்தாது, களைக்கு வர்ற பெண்களும் வரணும், அவங்களுக்கு அன்னைக்கு அரை நாள் கூலி குழுவே கொடுக்கும்னு முடிவு. கூட்டம் மதியம் ரெண்டு மணிக்கு. காலையில எல்லாருக்கும் வேலை இருக்கு.